வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு காவலாளி

"கணிப்பொறி தயார். ஆன்ட்டி வைரஸும் சேர்த்துப் போட்டுவிடட்டுமா?" பெட்டியைக் கட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலான பெற்றோர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "சரி, போடுங்கள்" என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம் ஒருபுறம். எதற்கென்று தெரியாமலேயே பணம் கொடுக்கிறோமே என்ற வருத்தம் மறுபுறம். ஓராண்டு முடிந்ததும் "உங்கள் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது" என்று திரையில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வரும்போது அந்த வருத்தம் இரட்டிப்பாகிறது. வீட்டில் கணிப்பொறியைப் பற்றி ஓரளவு தெரிந்தவர் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் நீங்கள்தாம். ஆகவே அப்பா உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார். "என்னம்மா, போடலாமா?" என்று கேட்பார். அப்போது என்ன விடை சொல்வது என்பதை இங்கே காண்போம்.

திருடனைத் தெரிந்துகொண்ட பிறகுதானே காவலாளியைத் தேட முடியும்? வைரஸ் என்பது இலத்தீன் மொழியில் நஞ்சு என்று பொருள்படும் சொல். நோய் பரப்பும் நுண்கிருமிக்கு வழங்கிவந்த அப்பெயர் கணிப்பொறி உலகுக்கு வந்தது 1983-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், மற்றொரு நிரலுக்குள் தன்னைத்தானே படியெடுத்து ஒட்டிக்கொண்டு பரவும் நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சூட்டலாமே என்றவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடல்மன். ஆர்.எஸ்.ஏ. என்ற புகழ்பெற்ற மறைகுறியீட்டு முறையைக் கண்ட மூவரில் ஒருவர் இவர். அப்பெயரின் கடைசி எழுத்து இவருடையதே. நோய்க்குப் பெயரிட்டவரே பூட்டும் செய்தார் என்பது சுவையான ஒற்றுமை அல்லவா?

பெயர் வருவதற்கு முன்பே பொருள் வந்துவிட்டது. 1982-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச் ஸ்கிரெண்டா என்ற 15 வயதுச் சிறுவன், ஆப்பிள் 2 கணிப்பொறியின் நெகிழ்வட்டுகள் வழியே பரவும் 'எல்க் குளோனர்' என்ற நிரலை நண்பர்களைக் கேலி செய்வதற்காக எழுதினான். வட்டை ஐம்பதாவது முறை பயன்படுத்தும்போது திரையில் ஒரு வேடிக்கைப் பாட்டுத் தோன்றும், அவ்வளவே. 1986-இல் லாகூரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ் ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் உலகெங்கும் பரவியது. தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவரைக் கண்டுபிடிக்கவே எழுதினோம் என்றனர் அவர்கள். கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள் என்றால், அக்காலத்து வைரஸ் எவ்வளவு வெகுளியானது என்று பாருங்கள்!

இன்றைய திருடன் முகவரி வைத்துவிட்டுப் போவதில்லை. அவனுக்கு இது விளையாட்டுமன்று, தொழில். ஒருவகை நிரல், நல்ல மென்பொருள் போல வேடமிட்டு உள்ளே வந்து, பிரவுசரில் சேமித்து வைத்துள்ள கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகிறது. டிராய் நகர மரக்குதிரைக் கதையை வரலாற்றுப் பாடத்தில் கேட்டிருப்பீர்கள். இவ்வகைக்கு 'ட்ரோஜன்' என்று பெயர் வந்தது அதனால்தான். மற்றொரு வகை, வீட்டில் உள்ள எல்லாக் கோப்புகளையும் மறைகுறியீடாக்கிப் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை கேட்கிறது. இதனை 'ரான்சம்வேர்' என்பர். பணயம் வைத்துப் பணம் பறிக்கும் நிரல் என்று தமிழில் சொல்லலாம். இவை எல்லாம் கண்டிப்பாகப் பார்த்தால் வைரஸ் அல்ல. வைரஸ் என்பது தன்னைப் படியெடுத்துப் பரவுவது மட்டுமே. ஆனால் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம். காவல் மென்பொருளும் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கிறது.

சரி, எப்படிப் பிடிக்கிறது? முதல் வழி, கைரேகை. முன்பு பிடிபட்ட ஒவ்வொரு தீய நிரலின் அடையாளத்தையும் நிறுவனம் ஒரு பட்டியலாக வைத்திருக்கும். நம் கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதன் அடையாளம் அப்பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும். அப்டேட் அப்டேட் என்று நாள்தோறும் கேட்பது இந்தப் பட்டியலின் புதிய பக்கங்களுக்காகத்தான். ஆனால் இன்று காலை எழுதிய தீய நிரலின் கைரேகை நேற்றைய பட்டியலில் எப்படி இருக்கும்? ஆகவே இரண்டாவது வழி, நடத்தையைக் கவனிப்பது. ஒரு சாதாரண நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் அதனைத் தடுத்து நிறுத்தலாம் அல்லவா? மூன்றாவது, ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றி இணையம் வழியாக நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளிடம் கேட்டு அறிவது. தற்காலக் காவல் மென்பொருள்கள் இம்மூன்றையும் கலந்தே செய்கின்றன.

எந்த வைரஸையும் விட்டுவிடாமல், எந்த நல்ல நிரலையும் தவறாகப் பிடிக்காமல், முற்றும் சரியாக இனங்காணும் நிரலை எழுதவே இயலாது என்று கோஹன் கணித முறையில் நிறுவியிருக்கிறார். எனவே "நூற்றுக்கு நூறு பாதுகாப்பு" என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தால், அதை விளம்பரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனித் தேர்வுக்கு வருவோம். புதிதாக வாங்கும் விண்டோஸ் கணிப்பொறியில் ஒரு காவலாளி ஏற்கெனவே இருக்கிறார் என்பதைப் பலர் அறிவதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட விண்டோஸ் 8 தொடங்கி, 'டிஃபெண்டர்' என்ற ஆன்ட்டி வைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. ஆண்டுச் சந்தா இல்லை. தொடக்கத்தில் இதற்கு நல்ல பெயர் இருந்ததில்லை. இதே நிறுவனத்தின் இலவச மென்பொருள் 2012-இன் இறுதியில் ஜெர்மனியின் 'ஏ.வி.-டெஸ்ட்' சோதனைக் கூடத்தில் சான்றிதழ் பெறவே தவறியது. "அது எதற்கும் உதவாது" என்று சில கடைக்காரர்கள் இன்றும் சொல்வது அந்தப் பழைய நினைவினால்தான் எனலாம். பிற்பாடு நிலை மாறிவிட்டது. பிற்காலச் சோதனைகளில் அது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு ஈடாகப் பலமுறை முழு மதிப்பெண்களைப் பெற்றிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: விண்டோஸ் 11 உள்ள, எப்போதும் இணைய இணைப்பில் இருக்கும், அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாத ஒரு சாதாரண வீட்டுக்கு டிஃபெண்டரே போதும். கையில் உள்ள பணத்தை ஆன்ட்டி வைரஸுக்குக் கொடுப்பதைவிட, படங்களையும் ஆவணங்களையும் படியெடுத்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குவதற்குக் கொடுப்பது மேல். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியின் வீட்டில் விலை கொடுத்து வாங்கிய ஆன்ட்டி வைரஸ் இருந்தது. காலமும் முடியவில்லை; அப்டேட்டும் சரியாக நடந்துவந்தது. அவளுடைய அண்ணன் ஒரு நாள் விலை உயர்ந்த விளையாட்டு ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தேடி எடுத்தான். அதனைத் திறப்பதற்கு 'கிராக்' என்ற ஒரு சிறு கோப்பும் உடன் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "இதை இயக்கும் முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடுக, அது தவறாக எச்சரிக்கும்." பிள்ளை அப்படியே நிறுத்தினான். மாலைக்குள் கணிப்பொறியில் இருந்த கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன; எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. முந்தைய ஆண்டு காலமான பாட்டியின் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவருடைய குரலைப் பதிவு செய்து வைத்திருந்த கோப்பும் அதற்குள்தான்.

'ஸ்டாப்' அல்லது 'டி.ஜே.வி.யு.' எனப்படும் இந்தக் குடும்பத்து நிரல் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. கிராக், கீஜென் என்று இலவசத்தை நாடும் வீடுகளையும் மாணவர்களையும் தேடித்தான் வருகிறது. 2019 அக்டோபரில் 'எம்சிசாஃப்ட்' என்ற நிறுவனம் இதன் பழைய வகைகள் பலவற்றுக்கு மாற்றுச் சாவி செய்து இலவசமாகவே வழங்கியது. புதிய வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பயன்படுவதில்லை. இவர்களுக்கும் பயன்படவில்லை. பாட்டியின் 11 படங்கள் மட்டும் தப்பின. எப்படி என்கிறீர்களா? இறந்த நாளுக்குச் சுவரொட்டி அடிப்பதற்காக அம்மா அவற்றைப் பென் டிரைவில் ஏற்றி அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தப் பென் டிரைவ் மேசை அறையில் கிடந்தது. குரல் திரும்பவில்லை.

அந்த வீட்டில் காவலாளி தூங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்காரரே அவரைக் கூப்பிட்டு, "நீ போய்ப் படுத்துக்கொள்" என்று அனுப்பிவிட்டார். எத்தனை விலை உயர்ந்த மென்பொருளும் இதற்கு என்ன செய்ய முடியும்? "ஆன்ட்டி வைரஸை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்று ஒரு மென்பொருள் சொல்லுமானால், அது தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது என்று கொள்ளலாம். இதே காரணத்தால்தான், உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணிப்பொறியில் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தரும் வழக்கமும் ஆபத்தானது. அதைச் செயற்படுத்தும் கள்ளச் சாவி நிரலுக்காக டிஃபெண்டரை நிறுத்தி வைத்துவிட்டு, திரும்ப இயக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட கணிப்பொறிக்குக் காவலாளி இருந்தும் இல்லாத கதைதான்.

படியெடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒரு சொல். வேலை முடிந்தவுடன் அதன் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் பூட்டுகிற நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டிஃபெண்டர் விழித்திருக்கிறாரா என்று பார்ப்பது எளிது. ஸ்டார்ட் பட்டியலில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால் ஒரு கேடயப் படம் தெரியும். பச்சைக் குறி இருந்தால் நலம். மஞ்சளோ சிவப்போ இருந்தால் அருகில் உள்ள குறிப்பைப் படியுங்கள். அங்கேயே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற ஒரு வசதியும் உண்டு. முக்கியமான மடிப்புகளில் முன்பின் தெரியாத நிரல் எதுவும் கை வைக்கவொட்டாமல் தடுப்பது அதன் வேலை. விண்டோஸ் இதை இயக்காமலே தருகிறது. நாமாகத்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். சில வேளைகளில் நல்ல நிரல்களையும் இது தடுத்துவிடும் என்பதால், அவற்றுக்கு அனுமதி அளிக்கும் பட்டியலையும் அங்கேயே கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் தொல்லைதான், ஆயினும் மேலே சொன்ன வீட்டை நினைத்தால் அத்தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம்.

அப்படியாயின் விலை கொடுத்து வாங்க வேண்டிய வீடே கிடையாதா? உண்டு. இணைய இணைப்பு இல்லாதபோது டிஃபெண்டரின் கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பதை ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் உள்ள 'ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ்' சோதனைகள் காட்டியுள்ளன. பெரியவர்களிடம் கேட்பது அவருடைய வழக்கம் அல்லவா. கேட்க வழியில்லாதபோது தடுமாறுகிறார். கைப்பேசியிலிருந்து எப்போதாவது இணைப்பு வாங்கிக்கொள்ளும் வீடு, ஆனால் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் பென் டிரைவ் தினமும் போய்வரும் வீடு என்றால், இணைப்பின்றியும் நன்கு பிடிக்கும் மென்பொருளை வாங்குவதில் பொருள் உண்டு. வீட்டிலேயே கணக்கு எழுதும் தொழில், ஸ்டூடியோத் தொழில் செய்வோரும் வாங்கலாம். அவர்களுக்கு ஒரு நாள் வேலை நின்றாலே சந்தாவைவிட நட்டம். சின்னத் தம்பி தங்கையர் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதிக்காகச் சிலர் வாங்குகிறார்கள். அவ்வசதி விண்டோஸிலேயே இலவசமாக இருப்பதால் அதற்கென்று தனியே செலவிட வேண்டியதில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால் விளம்பரத்தைப் பார்க்காமல் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். ஏ.வி.-டெஸ்ட் கூடம் ஜெர்மனியில் மாக்டிபர்க் நகரில் உள்ளது. பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பயன்பாட்டு எளிமைக்கு 6 என்று 18-க்கு மதிப்பெண் இட்டு இணையத்தில் எவரும் காணுமாறு வெளியிடுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னணியில் உள்ளவை யாவும் பாதுகாப்பில் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே அந்தப் பத்தியைப் பார்த்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க இயலாது. நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறி வைத்திருப்பவர் வேகத்துக்கான பத்தியைப் பார்க்க வேண்டும். நல்ல கோப்பைத் தவறாகப் பிடித்தது எத்தனை முறை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்து முடிவை மட்டும் பாராமல், ஓராண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு தேர்வை வைத்தா ஒரு மாணவியை எடைபோடுகிறோம்?

தவறாகப் பிடிப்பது சிறு குறையன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி நிறுவனத்தின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி.-இன் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதிச் சிறைப்பிடித்துவிட்டது. எத்தனையோ அலுவலகங்களில் கணிப்பொறிகள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்துகொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று, பெரிய நிறுவனங்களுக்கென உள்ள 'கிரவுட்ஸ்டிரைக்' மென்பொருளின் பிழையான அப்டேட்டினால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோய், உலகெங்கும் விமானப் பயணிகள் நிலையங்களில் காத்துக் கிடந்தனர். வைரஸ் செய்யாத வேலை! வீட்டின் எல்லாச் சாவிகளும் காவலாளியின் இடுப்பில்தான் தொங்குகின்றன. எனவே அவர் திறமையானவரா என்பதோடு நம்பத்தக்கவரா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இலவச ஆன்ட்டி வைரஸ்களிடம் இந்தக் கேள்வியை அழுத்தமாகவே கேட்கலாம். 'அவாஸ்ட்' என்ற புகழ்பெற்ற இலவச மென்பொருளைப் பல கோடிப் பேர் பயன்படுத்தினர். அவர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரங்களை, 'ஜம்ப்ஷாட்' என்ற தன் துணை நிறுவனம் வழியாக அது விற்றுவந்தது 2020 ஜனவரியில் அம்பலமாயிற்று. ஜம்ப்ஷாட்டை உடனே மூடிவிட்டார்கள். 2024-இல் அமெரிக்க வாணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்துமாறு செய்தது. வேவு பார்ப்பவரிடமிருந்து காப்பாற்ற வந்தவரே வேவு பார்த்தார் என்பதுதான் வேதனை. ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் கதை வேறு விதம். சோதனைக் கூடங்களில் அது நல்ல மதிப்பெண்களே பெற்றுவந்தது. எனினும் ரஷ்ய அரசு அதன் வழியே நுழையக்கூடும் என்ற அச்சத்தால் 2024-இல் அமெரிக்க அரசு தன் நாட்டில் அதன் விற்பனையைத் தடை செய்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

நம் நாட்டு மென்பொருள்களும் உள்ளன. சென்னையில் 1991-இல் கேசவர்தனன் என்பவர் தொடங்கிய 'கே7 கம்ப்யூட்டிங்', ஜப்பானிலும் பெருமளவில் விற்பனையாகிறது என்பது நாம் பெருமைப்படத்தக்கது. புனே நகரில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடையில் தொடங்கி வளர்ந்தது 'குவிக் ஹீல்'. நம் ஊரார் என்பதற்காக வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவற்றையும் அதே மதிப்பெண் பட்டியலில் வைத்துப் பாருங்கள். பழுது வந்தால் உள்ளூரில் தொலைபேசியில் கேட்க முடியும் என்பது சில வீடுகளுக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிது. இந்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' மையமும் கணிப்பொறியைத் துப்புரவு செய்யும் கருவிகளை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. முதல் ஆண்டு விலை மலிவாகவும் இரண்டாம் ஆண்டு விலை அதைப்போல் இருமடங்காகவும் இருப்பது இத்தொழிலில் சாதாரணம். ஆகவே புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். அப்பாவின் கார்டு எண்ணைப் பதிவு செய்துகொண்டு ஆண்டுதோறும் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவையுங்கள். எத்தனை கணிப்பொறிக்கு ஒரு உரிமம் என்று பாருங்கள். வி.பி.என்., ரிஜிஸ்ட்ரி கிளீனர், வேகம் கூட்டுவது என்று உடன் வரும் பொட்டலங்களுக்காக விலை கூடிய வகையை வாங்க வேண்டாம். புது லேப்டாப்பில் 30 நாள் அல்லது 60 நாள் சோதனைக்கென்று தாமே வந்திருக்கும் மென்பொருள் வேண்டாமென்றால், காலம் முடியும்வரை காத்திராமல் முற்றிலும் நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தாமே பொறுப்பேற்றுக்கொள்வார். இரண்டு ஆன்ட்டி வைரஸ்களை ஒரே கணிப்பொறியில் ஓடவிடக் கூடாது. ஒருவரையொருவர் திருடன் என்று எண்ணி இருவரும் மல்லுக்கு நிற்பார்கள், கணிப்பொறி நத்தையாகிவிடும்.

இத்தனைக்கும் மேலாக, பழைய விண்டோஸை எந்த ஆன்ட்டி வைரஸும் காப்பாற்ற முடியாது என்பதை அறிய வேண்டும். 2017 மே 12 அன்று 'வானாகிரை' என்ற பணயநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரு மாதம் முன்னரே, மார்ச்சு மாதத்திலேயே கொடுத்துவிட்டது! போட்டுக்கொள்ளாதவரே அகப்பட்டனர். பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் அப்டேட் நின்றுவிட்டது. 2011-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் தமிழக அரசு வழங்கிய தொடக்க கால லேப்டாப்புகள் உங்கள் அக்காமாருடையவை வீட்டில் இருந்தால், அவற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அவற்றைத் தட்டச்சுப் பழகவும் படம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்; வங்கி வேலைக்குப் பயன்படுத்தலாகாது. லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால் இணையத்துக்கும் பயன்படும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது; தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். டிஃபெண்டரின் திருடர் பட்டியல் மட்டும் 2028 வரை விண்டோஸ் 10-க்கு வரும் என்கிறார்கள். சுவரில் விழும் ஓட்டையை அடைக்க ஆளில்லாமல், காவலாளிக்குத் திருடர் படங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் எவ்வளவு பயனோ அவ்வளவே பயன்.

மற்றுமோர் ஏமாற்று. இணையத்தில் ஏதோ படித்துக்கொண்டிருக்கையில், திரை முழுதும் சிவப்பாகி, மணி ஒலித்து, "உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும். அது வெறும் இணையப் பக்கம். ஒரு பக்கத்தால் உங்கள் கணிப்பொறிக்குள் சோதனை நடத்த முடியாது. பதறாமல் பிரவுசரை மூடுங்கள். மூட மறுத்தால் கணிப்பொறியையே அணைத்துவிடுங்கள். அழைத்துவிட்டால், மறுமுனையில் பேசுகிறவர் கனிவாகப் பேசி, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்வார். பிறகு வங்கிக் கணக்கு அவர் கையில். தாத்தா, பாட்டி தனியே கணிப்பொறி பார்க்கும் வீடுகளில் இதை அவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

ஒரு கோப்பின் மீது ஐயமாயின், 'வைரஸ்டோட்டல்' என்ற இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். எழுபதுக்கும் மேற்பட்ட ஆன்ட்டி வைரஸ்கள் அதைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்லும். சொந்தப் படங்களையும் ஆதார் முதலிய ஆவணங்களையும் அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றிய கோப்பைப் பிறரும் எடுத்துப் பார்க்க வழியுண்டு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய அழகான ஒரு சோதனை இருக்கிறது. 'ஐக்கார்' என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரியை உருவாக்கியிருக்கிறது. அது வைரஸ் அன்று. யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோல் கூவ வேண்டும் என்று ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்கள் தமக்குள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. பள்ளியில் தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடிப்பதைப் போன்றது. அந்த அமைப்பின் இணையதளத்திலிருந்து அந்தச் சிறு கோப்பை இறக்கிப் பாருங்கள். இறக்கும்போதே உங்கள் காவலாளி குரல் கொடுத்துக் கோப்பை அப்புறப்படுத்திவிட்டால் சரி. கோப்பு சத்தமின்றி வந்து அமர்ந்துகொண்டால், விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'ரியல் டைம் புரொடெக்‌ஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் இயக்குங்கள். இயக்கிய பிறகும் தானாக அணைந்துகொண்டே இருந்தால், வங்கி வேலை எதையும் அதில் செய்யாமல், விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு உரிமமுள்ள விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.